ஏழெட்டுப் பேர் ஏஜென்சி

கேள்வி: கோவையில் ஒரு சின்ன விளம்பர ஏஜென்சியில் காப்பிரைட்டர் வேலை கிடைத்திருக்கிறது. மொத்தமே ஏழெட்டுப் பேர்தான். சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேருங்கள். பெரிய இடத்தில் எழுதுகிறவர் எழுத்தோடு நின்றுவிடுவார். இங்கே ஜவுளிக்கடை முதலாளி எதிரே உட்கார்ந்து, "லோகோவைப் பெரிசாக்குங்க" என்பதை நேரிலேயே கேட்பீர்கள். நாளிதழில் எத்தனை பத்தி, எத்தனை சென்டிமீட்டர் என்று கணக்குப் போடுவீர்கள். அச்சுக்குப் போகுமுன் விலையில் ஒரு சைபர் கூடிவிட்டதா என்று பார்ப்பதும் நீங்கள்தான். இவ்வளவு சீக்கிரம் தொழில் பிடிபடுகிற இடம் வேறில்லை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்தில் வீட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

பணம்தான் சிக்கல். அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்குப் பத்திரிகைகள் வழக்கமாகத் தரும் கமிஷன் 15 சதவீதம். கடைக்காரர் பணம் தராமல் இழுத்தடித்தாலும் பத்திரிகைக்குக் கெடுவுக்குள் ஏஜென்சி கட்டியாக வேண்டும். அதனால் சம்பளம் மாதாமாதம் எந்தத் தேதியில் வருகிறது என்பதை, சேருமுன் அங்கே வேலை பார்ப்பவர்களிடமே விசாரித்துவிடுங்கள்.