ஒலியாகும் எழுத்து

நுழையும்முன்

எழுத்தைக் கண்ணால் காண்போர் உளர். விரலால் தொட்டு உணர்வோர் உளர். செவியால் கேட்டு அறிவோரும் உளர். வழி வேறாயினும் கல்வி ஒன்றே. பார்வையற்றோர் பிறர் உதவியை எதிர்பாராமல் தாமே படிக்கவும் எழுதவும் துணைசெய்வது திரைவாசிப்பான் என்னும் மென்பொருள். அதன் இயல்பையும் பயனையும் இப்பாடம் விளக்குகிறது.

தலைநகரின் சார் ஆட்சியர்

2019ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், திருவனந்தபுரத்தின் சார் ஆட்சியராகப் பிராஞ்சல் பாட்டீல் பொறுப்பேற்றார். மகாராட்டிர மாநிலத்தின் உல்லாஸ்நகரைச் சேர்ந்த இவர், சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர்; இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த பார்வையற்ற முதல் பெண்மணி என்னும் பெருமைக்கு உரியவர்.

அப்பெருமை எளிதில் கிட்டியதன்று. 2016இல் குடிமைப் பணித் தேர்வில் இவர் 773ஆம் இடம் பெற்றார். இரயில்வே கணக்குப் பணி இவருக்கு ஒதுக்கப்பட்டது. ஆயினும், முழுமையான பார்வையின்மையைக் காரணம் காட்டி அப்பணி மறுக்கப்பட்டது. அவர் மனம் தளரவில்லை. மீண்டும் தேர்வு எழுதி, அடுத்த ஆண்டில் 124ஆம் இடத்தைப் பெற்றார். அச்சு நூல்களைக் கணினிக்கு மாற்றி, ஜாஸ் என்னும் திரைவாசிப்பானின் துணையுடன் அவற்றைக் கேட்டே அவர் பயின்றார்.

சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன் இவருக்கு முன்னோடி. பிறவியிலேயே பார்வையற்ற அவர், தாய் படித்துக்காட்டிய நூல்களைக் கேட்டும், திரைவாசிப்பானைப் பயன்படுத்தியும் கற்றார். 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்ற ஒருவர் அப்பணியில் சேர்ந்தது அதுவே முதன்முறை.

திரைவாசிப்பான் இயங்கும் முறை

திரைவாசிப்பான் திரையைப் படம்போல் பார்ப்பதில்லை. திரையில் தோன்றும் ஒவ்வொன்றின் பெயரையும் வகையையும் நிலையையும் அது கணினியின் இயங்குதளத்திடமிருந்து கேட்டறிகிறது. 'சேமி' என்னும் சொல் ஒரு பொத்தானில் இருந்தால், 'சேமி, பொத்தான்' என்று அறிவிக்கிறது. தேர்வுக் கட்டம் ஒன்றில் குறி இடப்பட்டிருந்தால் அதனையும் சொல்கிறது. இவ்வாறு திரட்டிய சொற்களைப் பேச்சொலியாக மாற்றுவது பேச்சுப்பொறி என்னும் மற்றொரு மென்பொருள். பிரெயில் காட்டி என்னும் கருவியை இணைத்தால், அதே சொற்கள் விரலால் தடவிப் படிக்கத்தக்க புள்ளிகளாகவும் எழும்.

பார்வையற்றோர் சுட்டியை நாடுவதில்லை. விசைப்பலகையே அவர்களின் வழித்துணை. எப், ஜே ஆகிய விசைகளின்மேல் உள்ள சிறு மேடுகளைத் தொட்டு விரல்களுக்கு உரிய இடத்தை அவர்கள் அறிகின்றனர். டேப் விசை அடுத்த பொத்தானுக்கோ இணைப்புக்கோ அழைத்துச் செல்லும். இணையப் பக்கத்தில் எச் விசையை அழுத்தினால், அடுத்த தலைப்புக்குத் தாவலாம். கன்ட்ரோல் விசை பேச்சை நிறுத்தும். பழகியவர்கள் பேச்சின் விரைவை மிகுதியாக்கிக் கொள்வர். புதிதாகக் கேட்பவருக்கு அப்பேச்சு விளங்காது. பழகிய செவிக்கோ ஒரு சொல்லும் தப்பாது.

சிறு கணினியின் சிறப்பு

பார்வையுள்ளவருக்குச் சிறு திரை இடர் தரும். திரையைக் காணாதவருக்கு அது குறையன்று. திரையை முழுதும் அணைத்துவிட்டும் அவர் பணியைத் தொடரலாம். எடை குறைந்த சிறு மடிக்கணினியும் ஒரு காதொலிக் கருவியும் இருந்தால் வகுப்பறை, பேருந்து, நூலகம் ஆகிய எவ்விடத்திலும் படிக்கலாம்.

எனினும் ஓர் இடையூறு உண்டு. பெரிய விசைப்பலகையின் வலப்புறத்தில் எண்களுக்கென ஒரு தனித்தொகுதி இருக்கும். திரைவாசிப்பானின் கட்டளைகள் பல அத்தொகுதியைச் சார்ந்தவை. சிறு கணினிகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. இதனால் மடிக்கணினிக்கெனத் தனி விசை அமைப்பு உருவாக்கப்பட்டது. அதில் கேப்ஸ்லாக் விசையைக் கட்டளை விசையாக மாற்றிக்கொள்ளவும் இடம் உண்டு. கருவி சிறியதானால் அதன் பயன்பாடும் சுருங்க வேண்டியதில்லை என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

உருவாக்கியோர்

ஜாஸ் மென்பொருளைத் தோற்றுவித்தவர் அமெரிக்கரான டெட் ஹென்டர். இவர் 1978இல் நேர்ந்த கார் விபத்தில் பார்வையை இழந்தவர். ஜாஸ் 1989இல் வெளிவந்தது. சிறந்த மென்பொருளாயினும் அதன் விலை மிகுதி. எளிய குடும்பத்து மாணவர் வாங்க இயலாதது.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே ஆகிய இருவரும் பார்வையற்றவர்கள். பார்வையற்ற சிறுவர்களுக்கான இசை முகாமில் நண்பர்களானவர்கள். பார்வையுள்ளவர் கணினியை வாங்கியவுடன் பயன்படுத்த, பார்வையற்றவர் மட்டும் மேலும் பணம் செலுத்துவது முறையன்று என்பது அவர்கள் கருத்து. 2006இல் கரன் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான், இன்று உலகெங்கும் விலையின்றிக் கிடைக்கிறது. விரலி எனப்படும் பென் டிரைவில் அதனை எடுத்துச் சென்று, பள்ளியிலோ நூலகத்திலோ உள்ள பிறர் கணினியிலும் இயக்கலாம்.

தமிழ் படிக்கும் கணினி

என்.வி.டி.ஏ.வுடன் வரும் பேச்சுப்பொறி தமிழையும் படிக்கும். ஆனால் எழுத்து ஒருங்குறியில் அமைந்திருக்க வேண்டும். ஒருங்குறிக்கு முன் வந்த பழைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திக் காட்டின. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசை. திரைவாசிப்பான் அதனை அவ்வாறே ஒலிக்கும். தாளை ஒளிப்படம் எடுத்து அனுப்பினாலும் இந்நிலையே. படத்தில் உள்ள எழுத்தை அடையாளங்கண்டு மாற்றினால் அன்றிக் கேட்டுப் படிக்க இயலாது.

நூல்களைப் பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் மாற்றிக்கொள்ள, 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடமளிக்கிறது. இதே நோக்கத்துடன் 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை, 2014இல் உலக நாடுகளுள் முதலாவதாக ஏற்புறுதி செய்தது இந்தியா.

நகரில் நிகழும் நற்பணி

திருவனந்தபுரத்தின் வெள்ளாயணி ஏரிக்கரையில் காந்தாரி என்னும் பயிற்சி நிறுவனம் உள்ளது. சிறியதாயினும் காரம் மிக்க காந்தாரி மிளகாயின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அதனை நிறுவியோருள் ஒருவர் ஜெர்மனியைச் சேர்ந்த சப்ரியே டென்பெர்கன். 12 வயதில் பார்வையை இழந்த இவர், திபெத்திய மொழிக்குப் பிரெயில் எழுத்தை வகுத்தவர்.

அந்நிறுவனத்தில் பயின்ற டிஃபனி பிராரும் பார்வையற்றவர். இவர் 2012இல் இந்நகரில் ஜோதிர்கமயா அறக்கட்டளையைத் தொடங்கினார். 'பார்வையற்றோர் பள்ளிக்கு வர இயலாவிடில், பள்ளி அவர்களிடம் செல்லட்டும்' என்பது அவர் கொண்ட நெறி. ஊர்களுக்கே சென்று பிரெயில், வெண்கோல் நடை, கணினிப் பயன்பாடு ஆகியவற்றைக் கற்பிக்கும் பணியை மேற்கொண்டார். 2020ஆம் ஆண்டுக்கான நாரி சக்தி விருது இவருக்கு வழங்கப்பட்டது.

மாணவர் கடமை

கருவி இருந்தும், அது படிக்கத்தக்க வகையில் பிறர் எழுதாவிடில் பயனில்லை. வகுப்பில் ஒருவர் அனுப்பும் வினாத்தாள் வெறும் படமாக இருந்தால், பார்வையற்ற தோழர் மீண்டும் பிறர் உதவியை நாட நேரும். அதையே ஒருங்குறியில் தட்டச்சுச் செய்து, தலைப்புகளை முறையாக அமைத்து, படத்தின் செய்தியை இரண்டொரு சொற்றொடரில் விளக்கினால் அவர் தாமே படிப்பார். இதற்குப் பொருட்செலவு இல்லை. சிறிது நேரமும் அக்கறையும் போதும். படிக்கத் தெரிந்தவருக்குப் படிக்கும் வாய்ப்பை மறுக்காதிருத்தல் இரக்கம் அன்று, கடமை.

சொல்லும் பொருளும்

இயங்குதளம் – கணினியின் செயல்களை ஒருங்கே நடத்தும் அடிப்படை மென்பொருள்
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட குறியீட்டு முறை
ஏற்புறுதி – உடன்படிக்கையை நாடு முறைப்படி ஏற்றல்
வெண்கோல் – பார்வையற்றோர் வழியறியப் பயன்படுத்தும் வெள்ளைக் கைத்தடி

வினாக்கள்

1. பிராஞ்சல் பாட்டீலுக்கு முதலில் ஒதுக்கப்பட்ட பணி ஏன் மறுக்கப்பட்டது? அவர் அதனை எவ்வாறு எதிர்கொண்டார்?
2. சிறு மடிக்கணினியால் பார்வையற்றோர்க்கு உண்டாகும் நன்மை ஒன்றையும் இடையூறு ஒன்றையும் எழுதுக.
3. பழைய எழுத்துருவில் உள்ள தமிழைத் திரைவாசிப்பான் சரியாகப் படிக்காதது ஏன்?
4. பிரித்து எழுதுக: விசைப்பலகை, எவ்விடத்திலும், தமிழையும்.

செயல்பாடு

உங்கள் பாடநூலில் உள்ள படம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதனைக் காணாத தோழர் ஒருவர் கேட்டுப் புரிந்துகொள்ளும் வகையில் மூன்று தொடர்களில் விளக்கி எழுதுங்கள். வகுப்பில் அதனைப் படித்துக்காட்டி, எந்தப் படம் என்று மற்றவர்களைக் கண்டறியச் சொல்லுங்கள்.