ஐப்பசி ஈரமும் மார்கழி ஏசியும்: வயலினுக்கு இப்போது செய்ய வேண்டியவை

வயலின் பெட்டியைத் திறந்ததும் வாத்தியத்தை எடுத்துவிடாதீர்கள். முதலில் பெட்டிக்குள் முகர்ந்து பாருங்கள். பல நாள் மடித்து வைத்த ஈரத் துணியின் வாடை வந்தால், மழை உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். வாத்தியத்தை வெளியே எடுத்து மெத்தைமேல் வைத்துவிட்டு, வெறும் பெட்டியை மட்டும் வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். வயலினை வெயிலில் காட்டக் கூடாது. உள்துணியின் மூலை முடுக்கெல்லாம் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிடுங்கள். திறக்காமல் இருட்டில் கிடக்கும் பெட்டிக்குள் ஒரு சிறு வண்டின் புழு குதிரைவால் முடியைத் தின்று வாழும். வில்லைத் தொடாமலே ஏழெட்டு முடி அறுந்து தொங்கினால் அதுதான் காரணம். ரோசினைக் குறை சொல்லிப் பயனில்லை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். வயலினுக்கு உகந்தது 40 முதல் 60 வரை. ஆனாலும் இந்தப் பருவத்தில் எனக்கு மழையை நினைத்து அவ்வளவு பயமில்லை. மழையில் ஊறிய மரம் ஒரே நாளில் சபாவின் ஏசிக்குள் போய், இரவு ஒன்பது மணிக்கு மறுபடி ஈரக் காற்றுக்குத் திரும்புகிறதே, பயம் அதற்குத்தான். ஈரத்தில் மரம் விரிகிறது, குளிர்ந்த வறண்ட காற்றில் சுருங்குகிறது. அதுவும் ரேகையின் போக்கில் அதிகம் மாறாமல், குறுக்கேதான் மாறும். அதனால் மேற்பலகை அகன்று வயிறு சற்றே எழும்பும். அதோடு குதிரையும் உயர்ந்து, தந்திகள் ஃபிங்கர்போர்டிலிருந்து விலகி நிற்கும். கார்த்திகை மாதத்தில் விரல் அதிகம் வலிக்கிறது, கமகம் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது என்று மாணவர்கள் சொன்னால், சாதகம் போதவில்லை என்று உடனே கடிந்துகொள்ளாமல் தந்தியின் உயரத்தைப் பாருங்கள். மேல்நாட்டு செல்லோக்காரர்களில் சிலர் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று இரண்டு குதிரை வைத்திருப்பார்கள். நமக்கு அது வேண்டியதில்லை. மாற்றம் மெல்ல நடக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

அதற்கு முதல் வழி, வாத்தியத்தை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல் இருப்பது. மழை நனைக்கும் சுவரிலிருந்து ஈரம் அலமாரிக்குள் கசியும். உள்ளறையில், தரையைவிட்டு உயரத்தில் வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போதும். நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறட்டி மறுபடி பயன்படுத்தலாம். அதற்குப் பதில் அரிசி முடிந்து வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அரிசிக்கு வரும் வண்டு பெட்டிக்குள்ளும் வரும், வேண்டாம். ஈரமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் ஊகிக்க வேண்டிய வேலையே இல்லை.

இரண்டாவது வழி பொறுமை. கச்சேரிக்குப் போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். மூடியபடியே அரை மணி நேரம் அரங்கத்துக்குள் வையுங்கள். அதற்காகவாவது சீக்கிரம் கிளம்பலாம். மேடையில் ஏசி காற்று நேரே இறங்கும் இடம் எது என்று பார்த்து, அதைத் தவிர்த்து உட்காருங்கள். அது பக்கவாத்தியக்காரர் கையில் இல்லாத விஷயம் என்பது எனக்கும் தெரியும், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இப்போது வில். வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்தும் பழக்கம் எல்லா நாளும் வேண்டும். இந்த இரண்டு மாதம் அது கட்டாயம். ஈரத்தில் முடி நீளும். நீண்டதைச் சரிக்கட்ட நீங்கள் திருகை இரண்டு சுற்று கூடவே முறுக்கியிருப்பீர்கள். அதே வில் ஏசி அரங்குக்குள் போனதும் முடி சுருங்கி இழுக்க, குச்சி வளையும். வில்லின் தலைப்பகுதி முறிவது பெரும்பாலும் இப்படித்தான். வாசிக்கும்போது குச்சிக்கும் முடிக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருந்தால் சரி. திருகை முழுதும் முறுக்கியும் முடி இறுகவில்லை என்றால் முடி மாற்றும் காலம் வந்துவிட்டது. ஈரத்தில் ரோசின் பிடிக்கவில்லை என்று மேலும் மேலும் தேய்ப்பவர்கள், கேட்கும் கரகரப்புக்கு மழைமீது பழி போட முடியாது.

பிருடை இந்தப் பருவத்தில் இரு முகம் காட்டும். வீட்டில் ஊறிப்போய் அசையாது. மேடையில் சுருங்கி, ஆலாபனை நடுவே ‘டுர்ர்’ என்று அவிழும். அசையாத பிருடையை இடுக்கியால் திருகாதீர்கள். பிருடை உடைந்தால் புதிது போடலாம், பிருடைப் பெட்டி பிளந்தால் செலவு வேறு கணக்கு. தினமும் ஒவ்வொன்றையும் கால் சுற்று விட்டுப் பிடித்துப் பழக்கி வையுங்கள். பிறகும் முரண்டு பிடித்தால் கழற்றி, தேயும் இரண்டு இடங்களில் மட்டும் உலர்ந்த சோப்பைக் கொஞ்சம் தடவுங்கள். வழுக்கினால் அதே இடங்களில் சாக்பீஸ் தூள். இரண்டும் கலந்து ஒரு அளவில் பிடிபடும், அது கைப்பழக்கம். ஒன்றைக் கழற்றி முடித்துத் தந்தி ஏற்றிய பின்னரே அடுத்ததைத் தொடுங்கள். நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தால், அழுத்தத்தில் மட்டுமே நிற்கும் சவுண்ட் போஸ்ட் உள்ளே சாய்ந்துவிடும்.

ஃபைன் டியூனர்களையும் பாருங்கள். திருகு அடிவரை இறங்கியிருந்தால் அதன் அடிநாக்கு மேற்பலகையைக் குத்தும். தளர்த்திவிட்டுப் பிருடையில் சுருதி ஏற்றுங்கள். இன்று ஒன்றரைக் கட்டை, நாளை ஐந்து கட்டை என்று மாறி மாறி வாசிப்பவர்களுக்குக் குதிரையும் இடம் மாறும். சுருதி ஏற்ற ஏற்றக் குதிரையின் தலை ஃபிங்கர்போர்டு பக்கம் இழுபடும். பக்கவாட்டில் பார்த்தால் டெயில்பீஸ் பக்கமுள்ள முகம் பலகைக்கு நேர்செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் தந்தியைச் சற்றுத் தளர்த்தி, இரண்டு கை விரல்களாலும் பிடித்து மெல்ல நிமிர்த்துங்கள். சாய்ந்தே நின்ற குதிரை வளைந்துபோகும், வளைந்தது பிறகு நிமிராது.

சரஸ்வதி பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் இருக்கிறதா? ஈரச் சந்தனமும் குங்குமமும் வார்னிஷில் கறையாக நிற்கும். அடுத்த வருஷம் முதல் பெட்டிக்குப் பொட்டு வையுங்கள், சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள். துடைக்க உலர்ந்த பருத்தித் துணி போதும். கைக்குப் போடும் சானிடைசர் வார்னிஷையே கரைத்துவிடும். அது காயும்வரை வாத்தியத்தைத் தொடாதீர்கள். கீழே உட்கார்ந்து வாசிக்கும் நம் முறையில் நத்தைச் சுருள் பாதத்தில் ஊன்றியிருக்கும், மறுமுனை மார்பில் படும். வியர்வையும் விபூதியும் சேர்ந்து படிவது அங்கேதான். சீசனில் பட்டுப் புடவையின் சரிகையும் சட்டைப் பொத்தானும் சங்கிலியும் பின்பலகையைக் கீறும், ஒரு மெல்லிய துணியை இடையில் போடலாம். விரல் வழுக்கத் தேங்காய் எண்ணெய் தொடுபவர்கள், அந்த எண்ணெய் வில் ஓடும் இடத்தை எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயோலா வைத்திருப்பவர்களுக்கு இவை அனைத்தும் பொருந்தும். பாலமுரளிகிருஷ்ணா மேடையில் வாசித்த வாத்தியம் என்றாலும் நம் ஊரில் இன்னும் அது அபூர்வம்தான். வயலினின் உடல் 14 அங்குலம், வயோலாவுக்கோ 15, 16 என்று பல அளவு. உங்களுடையதை அளந்துகொண்டு இப்போதே மாற்றுத் தந்தி வாங்கி வையுங்கள். டிசம்பர் இரண்டாம் வாரம் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

கடைசியாக, இன்றே செய்ய வேண்டிய ஒரு சோதனை. விரல் முட்டியால் வயலினின் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் ஓட்டைச் சட்டி போல ஒலித்தால் அங்கே பலகை பக்கச் சட்டத்திலிருந்து பெயர்ந்திருக்கிறது. கலங்க வேண்டாம். வயலின் ஒட்டப்பட்டிருப்பது வஜ்ஜிரத்தில், அதாவது தோலைக் காய்ச்சி எடுத்த பசையில். மரம் சுருங்கி இழுக்கும்போது பலகை வெடிப்பதற்கு முன் பசை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றுதான் அப்படி ஒட்டுகிறார்கள். எனவே வீட்டிலிருக்கும் கடைப் பசையை அதில் விடாதீர்கள். ஒருமுறை என் பழைய வயலினில் நானே அந்த வீரத்தைக் காட்டினேன். அடுத்த வெயிலில் ஒட்டு அசையவில்லை, பலகைதான் பிளந்தது. ரிப்பேர்க்காரரிடம் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். மார்கழி பிறந்தால் அவர் மேஜையில் இடம் இருக்காது.

2015 டிசம்பரில் சென்னையில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். வீட்டுக்குள் தண்ணீர் வந்து வாத்தியம் நனைந்தே போனால் வெயிலோ, ஹேர் டிரையரோ, ஃபேனுக்கு நேரே வைப்பதோ கூடாது. நனைந்த பெட்டியிலிருந்து எடுத்து, ஒற்றித் துடைத்து, நான்கு தந்தியையும் சம அளவில் சற்றே தளர்த்திக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வஜ்ஜிரம் தண்ணீரில் இளகும், பலகைகள் தனித்தனியாகக் கழன்றும் வரலாம். அப்படிக் கழன்றால் நகக்கண் அளவுச் சில்லையும் எறியாமல், எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோங்கள்.