நகரத் தூய்மையும் நகராண்மையின் அதிகாரமும்

ஒருவன் தன் வீட்டினுள் எங்ஙனம் வாழ்கின்றான் என்பது பெரும்பாலும் அவனைப் பொறுத்ததே. ஆயின், அவ்வீட்டுக் குப்பை வாயிற்படியைக் கடந்து வீதிக்கு வந்தவுடன் அஃது ஊராரைப் பொறுத்ததாகிவிடுகின்றது. பலர்க்கும் உரிய இடத்திலே பலர்க்கும் துன்பம் விளைப்பதைச் சட்ட நூலார் ‘பொதுத் தொல்லை’ என்பர். தெருவிற் குப்பை கொட்டுதல், சாக்கடையை அடைத்தல், நீர்நிலையை மாசுபடுத்துதல், கழிவுகளைத் தீயிட்டுப் புகையெழுப்புதல் ஆகிய யாவும் இதன்பாற்படும். இவற்றைத் தடுக்க நம் மலைக்கோட்டை நகரின் ஆட்சி மன்றத்திற்குள்ள அதிகாரம் யாது, அதன் எல்லை யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1865-ஆம் ஆண்டின் நகர அபிவிருத்திச் சட்டத்தின்கீழ், அடுத்த ஆண்டிலேயே திருச்சிராப்பள்ளி நகராண்மைக் கழகம் தோன்றியது. ஸ்ரீரங்கம் 1871-இல் தனி நகராட்சியாயிற்று. 1994-இல் ஸ்ரீரங்கமும் பொன்மலையும் திருச்சியோடு இணைந்து மாநகராட்சி அமைந்தது. இதற்கு முந்திய ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம், நகர மன்றங்களிடம் ஒப்புவிக்கத்தக்க 18 துறைகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வகுத்துரைத்தது. பொதுச் சுகாதாரமும் கழிவகற்றலும் அவற்றுள் அடங்கும். 1998-இல் இயற்றப்பெற்று 2023-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்னும் மூன்றற்கும் பொதுவாயிற்று.

நகர மன்றத்தின் அதிகாரத்தை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, தானே ஆட்களை வைத்துக் குப்பையை அகற்றுதல். இரண்டாவது, தொல்லை விளையும் இடத்திற்கு உரியவனுக்கு அறிவிப்பு அனுப்பி அதனை நீக்கச் செய்தலும், அவன் செய்யாவிடில் தானே செய்து செலவை அவனிடம் பெறுதலுமாம். மூன்றாவது, அபராதம். மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை மக்குவன, மக்காதன, தீங்கு பயக்கும் வீட்டுக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்குமாறு பணித்தன. தெருவிலும் நீர்நிலையிலும் எறிதலை விலக்கின. மீறுவோர்க்கு அவ்விடத்திலேயே விதிக்கும் அபராதத்தை உள்ளாட்சிகள் வரையறுக்கவும் வழிசெய்தன.

அபராதம் ஒன்றே போதுமோ எனின், போதாது என்பதே நம் துணிபு. மலைக்கோட்டையின் அடிவாரத்தையும், தெப்பக்குளத்தைச் சூழ்ந்த கடைவீதிகளையும் எண்ணிப் பாருங்கள். பூ விற்கும் மூதாட்டியின் கூடையினின்று வாழையிலைத் துண்டும் நாரும் விழுகின்றன. பெருங்கடையினின்று அட்டைப்பெட்டிகளும் பிளாஸ்டிக் உறைகளும் இரவிலே சாக்கடையோரம் குவிகின்றன. இருவர்க்கும் ஒரே தொகையை விதித்தால், அவளுக்கு அஃது ஒரு நாட் கூலி. அவருக்கோ வாணிபச் செலவில் ஒரு சிறு கணக்கு. அன்றியும், குப்பையை இடுதற்கு ஓரிடமும் அதனை வாங்கிச் செல்ல ஆளும் இல்லாத தெருவிலே ஒருவனைத் தண்டித்தல் நீதியாகுமா?

இவ்வினாவிற்கு விடை 1980-இல் கிடைத்தது. மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகரில், திறந்த சாக்கடையாலும் கழிப்பிடமின்மையாலும் வருந்திய மக்கள் நீதியை நாடினர். நகராட்சி, தன்னிடம் பணமில்லை என்றது. நீதிபதி கிருஷ்ணய்யர் வழங்கிய தீர்ப்பில் உச்சநீதிமன்றம் அச்சமாதானத்தை ஏற்க மறுத்தது. பொருளின்மையைக் காட்டி நகராட்சி தன் கடமையினின்று தப்ப இயலாதெனக் கூறிற்று. எனவே, பொதுத் தொல்லையைப் பற்றிய சட்டம் குடிகளை மட்டுமன்றி, நகர மன்றத்தையும் கட்டுப்படுத்துகின்றது என்பது பெறப்படும்.

இவ்வுண்மையை நம் ஊர் நிகழ்ச்சிகளும் காட்டும். நகரின் குப்பை முழுவதும் நெடுங்காலம் அரியமங்கலத்திற் குவிக்கப்பட்டு, அங்கே அடிக்கடி தீப்பற்றிப் புகை சூழ்ந்தது. ஒரு வீதியைத் தூய்மை செய்து மற்றொரு பகுதியார்மேற் சுமத்துதல் தொல்லையை நீக்குதலன்று, இடமாற்றுதலேயாம். இதற்கு மாறாக, கல்மந்தையில் நடந்ததைக் காண்க. எளிய மக்கள் வாழும் அப்பகுதியில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து பொதுக் கழிப்பிடத்தைப் பேணினர். சிறு கட்டணத்தைத் தாமே வாங்கிச் செலவிட்டனர். 2002-இல் அது திறந்தவெளியிற் கழித்தல் ஒழிந்த பகுதியாயிற்று. அங்கே வென்றது தண்டமன்று, பொறுப்பு. 2016-இல் 73 நகரங்களை ஆராய்ந்த தூய்மைக் கணிப்பில் திருச்சி மூன்றாமிடம் பெற்றது. பின்னர் அவ்விடம் நிலைக்கவில்லை. ஒருமுறை பெற்ற புகழ் நாள்தோறும் செய்யவேண்டிய பணிக்கு ஈடாகாது என்பதை இதனால் உணரலாம்.

ஆகவே, அதிகாரம் செலுத்துதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் வசதி செய்து கொடுத்தல், அடுத்து அறிவுறுத்தல், பின்னர் எச்சரித்தல், இறுதியில் தண்டித்தல். தண்டிக்குங்கால் பெருங்குப்பை செய்வோரிடமிருந்து தொடங்குதலே நேர்மை. இம்முறை பிறழாத மன்றத்தின் ஆணைக்கு மக்கள் அஞ்சுவதினும் மிகுதியாக இணங்குவர்.

நம் கடமையும் ஒன்றுண்டு. நாம் பிரிக்காது எறியும் குப்பையிலுள்ள கண்ணாடித் துண்டு, விடியுமுன் தெருவைப் பெருக்கும் தொழிலாளியின் கையையே கிழிக்கின்றது. சட்டம் அதனைக் காணாதிருக்கலாம். நாம் காணாதிருத்தல் தகாது. கற்றோராகிய நாம் நம் வீட்டுக் குப்பையைப் பிரித்துக் கொடுப்போம். நம் வார்டு உறுப்பினரிடம் உரிமையோடு கேட்போம். கேட்பதற்கும் கொடுப்பதற்கும் ஒருங்கே முன்வரும் குடிகளாலேயே நகரம் தூய்மையுறும்.