பாலக்கரையிலிருந்து வாய்க்கால் தலைப்புக்கு

மார்கழி, தை மாதங்களில் திருச்சிராப்பள்ளிக்கு வரும் யாத்திரிகர், மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் தரிசித்த பின் ஒரு பகல் மிச்சமிருக்குமாயின், அதை உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கே அளித்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். இங்கிலாந்தில் ஏழடி அகலமே உள்ள நீண்ட படகுகளில் ஏறி, பனிக்காலத்திலும் மணிக்கு நாலு மைலுக்கு மிகாமல் கால்வாய் வழியே ஊர்ந்து போவதைப் பரம சௌக்கியமாகக் கருதுகிறார்கள். ராஜராஜ சோழனின் விருதுப் பெயரைத் தாங்கிய நம் வாய்க்காலோ நெல்லுக்காக வெட்டப்பட்டது. ஆகவே படகைத் தேடாமல் கரையையும், கால் ஓய்ந்தால் கரூர் சாலைப் பேருந்தையும் நம்பிப் புறப்படுங்கள்.

காலத்தை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படுவது நெடுநாளைய வழக்கமாதலால், அதன் பின் நீர் இளைக்கத் தொடங்கும். பொங்கலை ஒட்டிய நாட்களே உத்தமம். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் பேருந்துகளில் நிற்கவும் இடம் கிடைக்காது என்பதால் அந்நாட்களை விலக்குங்கள்.

பாலக்கரையில் சகாய மாதா கோயிலைப் பார்த்துவிட்டு, பாலத்தருகே வாய்க்காலை எட்டிப் பாருங்கள். பட்டணத்துச் சாக்கடை கலந்து, கறுத்து, பிளாஸ்டிக் பைகளைச் சுமந்துகொண்டு போகிற இந்த நீரைக் கண்டு முகம் சுளித்துத் திரும்பிவிடுகிறவர்களே அதிகம். அவர்கள் செய்யத் தவறுவது ஒன்றுதான்: நீர் போகும் கிழக்கே நோக்காமல், அது வருகிற மேற்கே நடப்பது. புத்தூரைத் தாண்டியதும் வீடுகள் விலகுகின்றன. உய்யக்கொண்டான் திருமலையை அடையும்போது, படித்துறையில் துணி துவைப்போரின் சோப்பு நுரையைத் தவிர வேறு அழுக்கு அதிகம் கண்ணில் படாது.

அம்மலைக்கோயிலில் நிதானமாக ஒரு மணி நேரம் தங்குங்கள். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய திருக்கற்குடி இதுவே. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிக்காகப் போரிட்டபோது இக்கோயிலின் மதில்கள் கோட்டையாகப் பயன்பட்டன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, மேலிருந்து சுற்றிலும் பார்த்தால், இந்த இடத்துக்கு அவர்கள் ஏன் ஆசைப்பட்டார்கள் என்பது தானே விளங்கும்.

ஜீயபுரம் வரை வாழைத் தோட்டங்கள். கரையோரத்தில் தார் வெட்டிச் சாய்த்த மரங்களின் பால் கசிந்து மண்ணில் கறை பிடித்திருக்கும், சட்டையில் பட்டால் போகாது. முக்கொம்பில் 1836இல் ஆர்தர் காட்டன் கட்டத் தொடங்கிய மேலணை உண்டு. 2018இல் அதன் மதகுகள் சில வெள்ளத்தில் இடிந்தன. ஞாயிற்றுக்கிழமையானால் அங்கே இறங்காமலே போய்விடுங்கள், கூட்டம் தாங்காது.

பேட்டைவாய்த்தலையில், காவிரியிலிருந்து வாய்க்கால் பிரிகிற தலைமதகைக் காண்பதே பிரயாணத்தின் பிரயோஜனம். பாலக்கரையில் கண்ட அதே நீர் இங்கே அடிமணல் தெரிய மதகினுள் புகுகிறது. வாய்க்காலைக் கவனிக்கும் லஸ்கர் இருந்தால், பேச்சுக் கொடுங்கள்; ஷட்டர் மீது மட்டும் ஏறாதீர்கள். திரும்புவதற்குக் கரூர்–திருச்சி பேருந்துகள் சாலையிலேயே கிடைக்கும். ஈரோடு மார்க்கத்து ரயிலில் போக விரும்புவோர் வண்டி நேரத்தைக் காலையிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.