அபாய காலத்தில் செய்தி பரப்புதல்

வெள்ளமும் புயலும் வருங்காலத்தில் கிராமத்தார்க்கு அரிசியும் மண்ணெண்ணெயும் எவ்வளவு அவசியமோ, சமாசாரமும் அவ்வளவு அவசியம். சங்கக் கணக்குகளைப் பரிசோதிக்கச் செல்லும் இடங்களில் நான் சரக்கிருப்பைப் பார்ப்பதோடு விளம்பரப் பலகையையும் பார்ப்பதுண்டு. கடற்கரைக் கிராமம் ஒன்றின் பலகையில் புயல் அறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. தாழ்வு மண்டலம் எத்திசையில், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நகருகின்றது என்பதெல்லாம் அதில் இருந்தது. "இன்று மாலைக்குள் பள்ளிக்கூடத்துக்குச் செல்லுங்கள்" என்ற ஒரு வரி மட்டும் இல்லை. படிக்கத் தெரிந்தவர்களும் அதைப் படித்துவிட்டு வீட்டுக்கே திரும்பினார்கள்.

2004-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ஆம் தேதி காலை சுமார் 6-30 மணிக்குச் சுமத்ரா தீவின் அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை, அதாவது சுனாமி, தமிழ்நாட்டின் கீழ்க்கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவ்வளவு நேரமிருந்தும் கரையிலிருந்த ஜனங்களுக்குச் செய்தி எட்டவில்லை. இந்து மகாசமுத்திரத்துக்கென்று சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு அப்பொழுது கிடையாது. ஹைதராபாத்திலுள்ள நிலையம் 2007-ஆம் வருஷத்தில்தான் தொடங்கிற்று. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர்.

அதே காலையில் புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தின் ஏறத்தாழ 3,600 ஜனங்களும் உயிர் பிழைத்தார்கள். சிங்கப்பூரில் வேலைபார்த்த அவ்வூர் வாலிபர் ஒருவர் பூகம்பச் செய்தியை அறிந்து வீட்டுக்கு டெலிபோன் செய்தார். கடல்நீர் உள்ளே வருகிறதென்று கேட்டதும் எல்லோரும் உடனே வெளியேற வேண்டுமென்றார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஏற்படுத்திய அறிவு மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. ஊரார் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். அயல்நாட்டிலிருந்த மற்றோர் ஊர்க்காரரின் டெலிபோனும் செய்தியை உறுதிப்படுத்தவே, ஒலிபெருக்கியில் அறிவித்துச் சங்கையும் ஊதினார்கள். வீடுகள் சுமார் 150-ம், படகுகள் சுமார் 200-ம் நாசமாயின.

ஒலிபெருக்கி இல்லாத ஊர் இப்போது அரிது. ஆனால் கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டுமே அது பேசுமாயின், அபாயத்தன்று அதன் பேச்சை யார் நம்புவார்? நல்லவாட்டில் அது கடலின் நிலைமையை மீனவர்களுக்கு வழக்கமாகச் சொல்லிவந்த கருவி. அந்தப் பழக்கமே அன்று உதவிற்று. உடைபட்ட கதவைப் பற்றியும் நான் பலமுறை யோசித்ததுண்டு. சாதாரண நாளாயிருந்தால், பொதுச்சொத்துக்குச் சேதம் என்று என்போன்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் குறிப்பு எழுதியிருப்பார். கதவு இன்னும் சற்று உறுதியாயிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதற்கு மாறான சம்பவமும் உண்டு. நான்கு நாட்களுக்குப் பின், டிசம்பர் 30-ஆம் தேதியன்று, மீண்டும் அலை வரலாமென்ற எச்சரிக்கை மத்திய சர்க்காரிடமிருந்து வந்தது. கரையோர ஜனங்கள் கலங்கி ஓடினர். நிவாரண வேலையும் தடைப்பட்டது. அலை வரவில்லை. அயல்நாட்டுக் கம்பெனி ஒன்றின் ஊகமே அதற்கு ஆதாரம் என்பது பின்னர் வெளியாயிற்று. இவ்வாறு வீணில் ஓடியவர்களை மறுமுறை கிளப்புவது எளிதன்று. செய்தி தவறாகிவிட்டால், சொன்னவரே, அதே ஒலிபெருக்கியில், அன்றைக்கே தவறென்று சொல்லிவிட வேண்டும். தேதியும் பெயருமின்றிக் கைபேசியில் உலவும் செய்திகளைச் சங்கத்தின் பெயரால் எவரும் பரப்பலாகாது.

எவ்வளவு நேரம் விசாரிக்கலாம் என்பது அபாயத்தைப் பொறுத்தது. புயலுக்கு நாட்கணக்கில் அவகாசம் உண்டு. தாலுகா ஆபீசைக் கேட்டுத் தெளியலாம். கடலோரத்தில் நெடுநேரம் பூமி அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ விசாரணைக்கு இடமில்லை. மேட்டுக்கு ஓட வேண்டியதுதான். சுமத்ராவை அடுத்த சிமெலுவே தீவில் 1907-ஆம் வருஷத்து அலையைப் பற்றிப் பாட்டன்மார் சொல்லிவந்த கதையே 2004-இல் பல்லாயிரம் பேரைக் காத்தது. அங்கே கிடைத்த அவகாசம் சில நிமிஷங்களே.

அடுத்த நிர்வாகக் கமிட்டிக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். ஒலிபெருக்கி அறையின் சாவி, அருகில் குடியிருக்கும் மூவரிடம் இருக்கட்டும். அவர்கள் பெயர் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். பிரசிடெண்டு ஊரிலில்லை என்பதற்காக அறிவிப்பு நிற்கக்கூடாது. அறிவிப்பில் முதலில் வரவேண்டியது எங்கே, எப்பொழுதுக்குள் போவது என்பது. காற்றின் வேகம் பிறகு வரலாம்.

இன்னொன்று. சங்க ஜாபிதாவில் பங்கு எடுத்தவர்களின் பெயர்தான் இருக்கும். உப்பளத்துக்கு வெளியூரிலிருந்து வந்த கூலியாட்களும், தனியே வசிக்கும் கிழவிகளும் அதில் இரார். எந்த வீட்டில் யாருக்குக் காது கேளாது என்பது தாசில்தாருக்குத் தெரியாது. தவணை வசூலிக்க வீடுவீடாகப் போகும் நமது குமாஸ்தாவுக்குத் தெரியும். அப்பெயர்களை அவரைக்கொண்டே எழுதுவித்து, தெருவுக்கு இரண்டு வாலிபர்களிடம் ஒவ்வொரு நகல் கொடுத்து வைக்கலாம்.