நிழற்படத்தில் ஒட்டுண்ணி இலையான்

இலையான் என்றவுடன் உணவில் மொய்க்கும் அசுத்தப் பிராணியே நம் நினைவுக்கு வரும். ஆயின் பூக்களில் தேன் நுகரும் இலையான்களுட் பல, மயிர்க்கொட்டி முதலிய பூச்சிகளின் உடலுள்ளே தம் குடம்பிகளை வளர்த்து, அவற்றைக் கொல்வன. இத்தகைய இலையான்களைக் கொண்ட தக்கினிடே என்னும் ஒரு குடும்பத்தில் மட்டும் 8,000 இற்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. கைத்தொலைபேசியாற் படம் பிடித்து, "இது யாது?" என வினவுதல் இன்று மாணவர்க்கும் எளிதாயிற்று. விடை கூறுதலே அரிது.

குடும்பத்தை அறிதற்கு முதுகுப்புறப் படம் போதாது. பக்கவாட்டுப் படம் வேண்டும். நெஞ்சறையின் பின்னந்தத்தில் கேடயம் போன்ற சிறு தகடொன்று உண்டு. அதன் கீழே புடைத்த மேடொன்று தெளிவாகத் தெரியுமாயின், அது தக்கினிடே எனப் பெரும்பாலும் துணியலாம். வயிற்றின்மீது நிமிர்ந்து நிற்கும் தடித்த முட்கள் துணைச் சான்றாகும். முட்கள் அருகியனவும் அக்குடும்பத்தில் உளவாதலின் அவற்றை மட்டும் நம்புதல் தகாது. இறைச்சி இலையானோடு இதனை மயங்குவோர் பலர். இறைச்சி இலையானின் நெஞ்சில் மூன்று கரிய கோடுகளும், வயிற்றிற் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களும் காணப்படும். அதன் உணர்கொம்பிலுள்ள நுண்தூவி பெரும்பாலும் அடிப்பாதியில் இறகுபோல் மயிரடர்ந்திருக்கும். தக்கினிடேயில் அத்தூவி பெரும்பாலும் மொட்டையானது.

இனப்பெயரைக் காண்டல் வேறு காரியம். கால்களிலும் நெஞ்சிலுமுள்ள முட்களை எண்ணவும், ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நோக்கவும் நேரிடும். இவை படத்தில் அகப்படுதல் அரிது. ஆகவே, "குடும்பம் இது, இன்ன சாதியாதல் கூடும்" என்று கூறி அவ்வளவில் நிறுத்துபவரே, என் கருத்தில், நல்ல விடையாளர்.

பெயரில் இத்துணைக் கண்டிப்பு எதற்கு? பீஜித் தீவிலே தென்னைகளை அழித்துவந்த லெவுவானா என்னும் அந்துப்பூச்சியை அடக்குதற்கு, 1925 இல் மலாயாவிலிருந்து பெஸ்ஸா என்னும் இலையான் கொணரப்பட்டது. அதன் பின்னர் தென்னைகள் பிழைத்தன. 1906 இல் ஐக்கிய அமெரிக்காவிற் புகுத்தப்பட்ட கொம்சிலூராவோ, ஜிப்சி அந்தைத் தாக்கியதோடு அமையாது, ஏறத்தாழ 200 பூச்சியினங்களைப் பற்றிற்று. அந்நாட்டின் அழகிய பெரும் பட்டு அந்துகள் அருகியமைக்கு அதனையும் ஒரு காரணமாகக் கூறுவர். இரண்டும் தக்கினிடேயே! குடும்பப் பெயரைக் கொண்டு மட்டும் நண்பன் பகைவன் என்று தீர்ப்பளிக்க இயலுமோ?

படம் எடுப்போர் முதுகு, பக்கம், முகம், சிறகின் நரம்பு ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்தல் வேண்டும். இவற்றினும் பெறுமதி வாய்ந்தது, அது எப்பூச்சியிலிருந்து வெளிவந்தது என்னும் செய்தி. தோலில் வெண்முட்டைகள் ஒட்டிய மயிர்க்கொட்டியைக் கண்டால், அது தின்னும் இலையோடு போத்தலில் இட்டு, வாயைத் துணியாற் கட்டி வளர்க்கலாம். தோலின்மேல் நூலாற் சுற்றிய வெண்கூடுகள் நெருங்கி நின்றால் அவை சிறு குளவியினுடையவை. இலையானின் குடம்பி நூல் நூற்பதில்லை. பீப்பாய் போன்ற கபிலநிறக் கூட்டினுள் அடங்கிவிடும்.