விருந்தை விட்டெழுந்த தகப்பன்



ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் உங்கள் பிள்ளையை எழுப்பி, "அயலவர் என்போர் யார்?" என்று ஆசிரியை கேட்டால், பிள்ளை தயங்காமல், "எல்லா மனிதரும் எமக்கு அயலவரே" என்று மறுமொழி சொல்லும். பரீட்சையானால் முழுப் புள்ளியும் கிடைக்கும். அதே பிள்ளையை வீட்டில் இருத்தி, "எங்கள் ஒழுங்கை முடிவில் தனியே இருக்கிற அந்த அம்மம்மாவின் பெயர் என்ன? அவவுக்கு யார் தண்ணீர் அள்ளிக் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் பிள்ளைக்கு மட்டுமல்ல, கேட்கிற எங்களுக்கும் விடை தெரியாது.

எல்லா மனிதரையும் அறிந்த பிள்ளை, மூன்றாம் வீட்டை அறியவில்லை. இக்குறை மறைக்கல்வி நூலில் உள்ளதன்று; வீட்டில் உள்ளது. கிறிஸ்துவின் சீடனாய் வாழ்வது பாடமாக்கி ஒப்புவிக்கும் காரியம் அல்ல. கண்டு பழகும் காரியம். இவ்வுண்மையை விளக்க, பழைய ஏற்பாட்டிலே அதிகம் வாசிக்கப்படாத ஒரு நூலுக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அது தோபித்து நூல்.

இடம்பெயர்ந்த ஒரு குடும்பம்

தோபித்து நப்தலி குலத்தவர். அசீரியர் அவருடைய நாட்டைப் பிடித்தபோது மக்களோடு மக்களாக நினிவே நகருக்குக் கொண்டுபோகப்பட்டார். மனைவி அன்னா, ஒரே மகன் தோபியா. சிறு வயதிலேயே தகப்பனை இழந்த தோபித்துவுக்கு இறைவனின் சட்டத்தைக் கற்பித்தவர், தந்தை வழி மூதாட்டியான தெபோரா. எங்கள் வீடுகளிலும் முதற் செபத்தைச் சொல்லித் தந்தவர்கள் அப்பம்மாவும் அம்மம்மாவும் அல்லவா?

அந்நிய நகரத்தில் தோபித்து பசித்தவருக்கு உணவும், உடையற்றவருக்கு உடையும் கொடுத்தார். கொல்லப்பட்டு வீசியெறியப்பட்ட தம் இனத்தவரின் உடல்களை மறைவாக எடுத்து அடக்கம் செய்தார். இதை ஒருவன் அரசனுக்கு அறிவிக்க, தோபித்து உயிர் தப்பி ஓட வேண்டியதாயிற்று. உடைமைகள் யாவும் பறிபோயின. பின்னர் அரசன் மாறியபோது, உறவினர் ஒருவரின் பரிந்துரையால் வீடு திரும்பினார்.

வீடு திரும்பியபின் பெந்தகோஸ்து திருநாள் வந்தது. நல்ல உணவு சமைத்து மேசையில் வைத்திருந்தார்கள். பட்ட துன்பமெல்லாம் முடிந்து மனைவி மக்களோடு உண்ண உட்காரும் நேரம். அப்போது தோபித்து செய்ததைக் கவனியுங்கள். மகன் தோபியாவை அழைத்து, நம் மக்களுள் கடவுளை மறவாத ஏழை ஒருவரைத் தேடிக் கூட்டி வருமாறும், அவரும் தம்மோடு உண்ண வேண்டுமென்றும், மகன் திரும்பும்வரை தாம் காத்திருப்பதாகவும் சொல்லி அனுப்பினார்.

அந்த வீட்டில் நடந்த பாடம்

இதில் மூன்று காரியங்கள் உண்டு.

முதலாவது, தகப்பன் தாமே போகவில்லை; மகனை அனுப்பினார். நல்ல செயல் பெரியவர்களின் வேலை என்று பிள்ளையை ஒதுக்கி வைக்கவில்லை. இரண்டாவது, ஒரு பார்சல் கட்டிக் கொடுத்துவிட்டு வா என்று சொல்லவில்லை. ஆளைக் கூட்டி வா என்றார். ஏழைக்கு உணவு மட்டுமல்ல, மேசையில் ஓர் இடமும் உரியது என்பதைப் பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொண்டது. மூன்றாவது, தாம் உண்டபின் மிஞ்சியதைக் கொடுக்க நினைக்கவில்லை. விருந்தாளி வரும்வரை சோறு காத்திருந்தது.

ஆனால் தோபியா ஏழையோடு திரும்பி வரவில்லை. துயரச் செய்தியோடு வந்தான். தங்கள் இனத்தவர் ஒருவர் கழுத்து நெரிக்கப்பட்டுச் சந்தை வெளியில் வீசப்பட்டுக் கிடப்பதாகச் சொன்னான். "எங்களுக்கேன் வீண் வம்பு? முன்னர் பட்டது போதாதா? வந்து சாப்பிடு" என்று தகப்பன் சொல்லியிருக்கலாம். எங்களில் பலர் அப்படித்தான் சொல்லியிருப்போம். தோபித்துவோ உணவைத் தொடாமலே எழுந்து போய், உடலை எடுத்துவந்து ஓர் அறையில் வைத்து, பொழுது சாய்ந்தபின் குழி வெட்டி அடக்கம் செய்தார். அயலவர்கள் நகைத்தார்கள். முன்பு இதற்காகவே உயிருக்குப் பயந்து ஓடியவனுக்கு இன்னும் புத்தி வரவில்லையே என்று பேசிக்கொண்டார்கள்.

தோபியா இவையனைத்தையும் கண்டான். அந்த மேசையில் ஆறிப்போன உணவே அவனுக்குக் கிடைத்த மறைக்கல்வி.

நன்மை செய்வது வியாபாரம் அல்ல

கதை இங்கே இனிதாய் முடியவில்லை. அன்றிரவே, முற்றத்துச் சுவரோரம் படுத்திருந்த தோபித்துவின் கண்களில் குருவிகளின் எச்சம் விழுந்தது. அதனால் பார்வை மங்கி, குருடரானார். நான்கு ஆண்டுகள் காணாதிருந்தார்.

"ஏழைக்குக் கொடு, கடவுள் உன்னைப் பரீட்சையில் சித்தியடையச் செய்வார்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோர் இந்தப் பகுதியை இரண்டு முறை வாசிக்க வேண்டும். அப்படிச் சொல்லி வளர்த்த பிள்ளை, பரீட்சையில் தவறிய அன்றே கொடுப்பதையும் நிறுத்திவிடும். கொடுப்பது கடவுளோடு செய்யும் கொடுக்கல் வாங்கல் அன்று. அவர் எங்களை அன்பு செய்தபடியால் நாங்களும் அன்பு செய்கிறோம், காரணம் அவ்வளவே.

குருடரான தோபித்து குறையற்ற மனிதரும் அல்லர். அன்னா நெசவு வேலை செய்து குடும்பத்தைக் காத்தாள். ஒருநாள் வேலை கொடுத்தவர்கள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் அன்பளிப்பாய்க் கொடுத்தார்கள். தோபித்து நம்பாமல், அது திருடியதென்று சொல்லி மனைவியோடு சண்டை பிடித்தார். ஊராருக்கு இரங்கியவர் வீட்டாரை நோகடித்தார். கோவில் வேலைக்கும் சங்க வேலைக்கும் முன்னிற்கும் நாங்கள், வீட்டில் எப்படிப் பேசுகிறோம் என்பதையும் பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தவறும்போது பிள்ளையின் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்போம். அதுவும் சீடத்துவப் பாடமே.

இதற்குப் பின்னரே, நான்காம் அதிகாரத்தில், தோபித்து மகனை இருத்திப் புத்தி சொல்கிறார். உள்ளதற்கேற்பக் கொடு, கொஞ்சமே இருந்தாலும் கொடுக்க அஞ்சாதே, ஏழையைக் கண்டு முகத்தைத் திருப்பாதே, வேலை செய்தவனின் கூலியை அன்றன்றே கொடு என்பன அவருடைய அறிவுரைகள். இரண்டாம் அதிகாரத்தில் செயல். நான்காம் அதிகாரத்தில் சொல். நாங்களோ பெரும்பாலும் நான்காம் அதிகாரத்தில் தொடங்கி, அங்கேயே நின்றுவிடுகிறோம்.

வேலியைத் தாண்டி

தோபித்து தேடச் சொன்னது தம் இனத்து ஏழையையே. ஆண்டவர் இயேசு இன்னும் ஒரு படி மேலே அழைத்துச் செல்கிறார். லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில், அயலவர் யாரென்று கேட்ட சட்ட அறிஞருக்கு அவர் சொன்ன உவமையில், அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவர் யூதர்கள் வெறுத்த சமாரியர். யார் எனக்கு அயலவர் என்று அளந்து பார்ப்பதை விட்டு, நீ போய் மற்றவனுக்கு அயலவனாயிரு என்பதே அந்த உவமையின் போதனை.

இதை எங்கள் மண்ணிலே வாழ்ந்து காட்டியவர் புனித யோசப் வாஸ் அடிகளார். கோவாவில் பிறந்து, 1687இல் யாழ்ப்பாணம் வந்து, ஒல்லாந்தரின் கெடுபிடிக்குள் மறைந்திருந்து மக்களைத் தேற்றியவர். 1697இல் கண்டியில் வைசூரி பரவியபோது பலர் நோயாளரைக் கைவிட்டு ஓடினார்கள். அடிகளாரோ தம் மருமகனான கர்வாலோ அடிகளாரோடு அங்கேயே தங்கி, நோயாளரைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். கத்தோலிக்கரா, பௌத்தரா என்று கேட்கவில்லை. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவருடைய படம் எங்கள் வீடுகளில் தொங்குகிறது. அந்தக் கண்டி நாட்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

இன்னொன்றையும் சொல்லுங்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கு நடந்தார்கள். இன்று தாய் தகப்பனாய் இருக்கும் பலர் அன்று கையில் பிடித்துக் கூட்டிச் செல்லப்பட்ட சிறுபிள்ளைகள். முன்பின் தெரியாத மனிதர் திண்ணையையும் கிணற்றையும் திறந்துவிட்டார்கள். அவர்கள் எந்தச் சமயம், எந்தச் சாதி என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. அவர்களே எங்களுக்கு அயலவராய் இருந்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு நல்ல சமாரியர் உவமை தூரத்துக் கதையாய்த் தோன்றாது.

வீட்டிலே செய்யக்கூடியவை

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். நோயாளரைப் பார்க்கப் போகும்போது, "நீ இருந்து படி" என்று விட்டுப் போகாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளை பூவோ பழமோ கொண்டுபோகலாம். பத்து வயதுப் பிள்ளை கண் தெரியாத முதியவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டலாம். பதினைந்து வயதுப் பிள்ளை செத்த வீட்டில் கதிரை தூக்கலாம். பிள்ளையைத் தனியே அனுப்பாமல், பெரியவர் ஒருவர் கூடச் செல்வதே தக்கது.

பிள்ளை தன்னுடையதைக் கொடுக்கட்டும். காணிக்கைத் தட்டில் போடத் தாய் காசு கொடுத்தால், பிள்ளை தாயின் கொடையைச் சுமந்து செல்கிறது, அவ்வளவுதான். யோவான் நற்செய்தியில் வரும் சிறுவன் கொடுத்த ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் அவனிடமே இருந்தவை. எங்கள் பங்குகளில் உள்ள திருப்பாலத்துவ சபை 1843இல் பிரான்ஸ் நாட்டிலே ஆயர் போர்பன்-ஜான்சன் அவர்களால் தொடங்கப்பட்டபோது, பிள்ளைகளிடம் கேட்கப்பட்டது நாளுக்கொரு சிறு செபமும் மாதத்துக்கொரு சிறு நாணயமும் மட்டுமே. சிறியதே போதும், ஆனால் அது பிள்ளையினுடையதாய் இருக்க வேண்டும்.

வேலைக்கு வருபவரை மதியுங்கள். தேங்காய் பிடுங்க வந்தவரைக் கூலிக்காகப் படலையில் காத்து நிற்க வைக்காதீர்கள். அவர் உங்கள் தகப்பன் வயதினராயின் பிள்ளை அவரை "ஐயா" என்று அழைக்கட்டும். தேத்தண்ணீர் கொடுக்க அவருக்கென்று தனிப் பேணி ஒன்று உங்கள் குசினியில் இருந்தால், அதை இன்றே அகற்றுங்கள். ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் வீட்டில் அந்தப் பேணிக்கு இடமில்லை. நூறு மறையுரைகள் கட்டியெழுப்புவதை அந்த ஒரு பேணி பிள்ளையின் மனத்தில் இடித்துவிடும்.

நேரத்தைக் கொடுக்கப் பழக்குங்கள். புலமைப்பரிசில் பரீட்சையும் ரியூசனும் வேண்டியவையே. ஆனால் ஞாயிறு பூசையையும் மறைக்கல்வியையும் அயல்வீட்டுத் துன்பத்தையும் ரியூசனுக்காக ஒதுக்கினால், எது பெரியது என்பதைப் பிள்ளைக்கு நாங்களே கற்பித்துவிடுகிறோம். பின்னர் அந்தப் பிள்ளை படித்து வெளிநாடு போய், முதிர்ந்த எங்களைப் பார்க்க நேரமில்லை என்று சொன்னால், நாங்கள் கற்பித்ததைத்தான் அது ஒப்புவிக்கிறது.

கொடுப்பதைப் படம் எடுக்காதீர்கள். கைத்தொலைபேசியில் வரும் அந்தப் படத்தில் கொடுப்பவர் சிரிப்பார். வாங்குபவர் நிலத்தைப் பார்ப்பார். இடக்கை அறியாமல் வலக்கை கொடுக்க வேண்டும் என்பது ஆண்டவரின் போதனை.

மகன் என்ன ஆனான்?

நூலின் இறுதியைப் பாருங்கள். தகப்பன் பார்வை பெற்றார். தம் உண்மைத் தோற்றத்தை வெளிப்படுத்திய வானதூதர் இரபேல், விருந்தை விட்டெழுந்து இறந்தவரை அடக்கம் செய்த அச்செயலைத் தோபித்துவுக்கு நினைவூட்டினார். அயலவர் நகைத்த செயலை விண்ணகம் மறக்கவில்லை. தோபியாவோ தாய் தகப்பனை மட்டுமன்றி, மனைவியின் பெற்றோரையும் முதுமையில் மதித்துப் பேணி, மரியாதையோடு அடக்கம் செய்தான். சிறுவனாய்க் கண்டதை வளர்ந்தபின் செய்தான்.

வேலியில் பொட்டு வைத்துப் போய்வந்த காலம் போய், இப்போது மதில் கட்டியிருக்கிறோம். மதிலிலும் படலை உண்டு. இந்த வாரம் ஒருநாள் மாலை, செபமாலைக்கு முன், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மூன்றாம் வீட்டுக்குப் போய் வாருங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. எங்கள் ஒழுங்கையில் தனியே வாழ்பவர், நோயுற்றவர் யார்? அவர்களின் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

2. எங்கள் மேசையில் கடைசியாக உட்கார்ந்து உண்ட ஏழை யார்? எப்போது?

3. வேலைக்கு வருபவரை நாங்கள் நடத்தும் முறையிலிருந்து பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்கிறார்கள்?

4. தோபித்து நூல் 2ஆம், 4ஆம் அதிகாரங்களை இந்த வாரம் வீட்டில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். வாசிப்பவர் பிள்ளையாய் இருக்கட்டும்.